தோலா, துணியா, மரமா? கத்திக்குக் கடைசிக் கூர் ஏற்ற எது சரி?

கேள்வி: சாணைக்கல்லில் தீட்டியதும் கத்தி நன்றாகவே வெட்டுகிறது. அப்புறம் பழைய தோல் பெல்ட்டில் இழைத்தால் கூர் குறைந்துவிடுகிறது. தோலுக்குப் பதில் ஜீன்ஸ் துணியோ மரமோ பயன்படுத்தலாமா?

பதில்: தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் என்ன பொருள் என்பதைவிட, அது எவ்வளவு அமுங்குகிறது என்பதை முதலில் பாருங்கள். மெத்தென்ற பரப்பில் கத்தியை அழுத்தினால் அது அமுங்கி, கத்தி கடந்ததும் எழும்பி, வாயின் (வெட்டும் விளிம்பின்) நுனியைச் சுற்றி உரசும். அதில்தான் கூர் உருண்டுபோகிறது. தொங்கவிட்ட பெல்ட்டில் இன்னும் மோசம், அது வளைந்தும் கொடுக்கும். போதாததற்குப் பல பெல்ட்டுகளின் மேற்பரப்பில் பளபளப்புப் பூச்சு வேறு இருக்கும்.

தோல்தான் வேண்டுமென்றால், தாவர முறையில் பதனிட்ட கெட்டியான தோலை 2 அல்லது 3 மில்லிமீட்டர் தடிமனில் எடுத்து, சமமான பலகையில் ஒட்டிவிடுங்கள். வழவழப்பான பக்கம் குறைவாக அமுங்கும். சொரசொரப்பான பக்கம், மேலே பூசும் மெருகுப் பசையை (ஒட்டும் பசை அல்ல, நுண்துகள் கலந்த தீட்டும் பசை) நன்றாகப் பிடித்துக்கொள்ளும். ஜீன்ஸ் துணியும் பலகையில் இழுத்து ஒட்டினால் போதும். உங்களுக்கு நான் சொல்வது பால்சா என்ற மிக லேசான மரம். அதிகம் அமுங்காது, பசையை உள்வாங்கும், தேய்ந்தால் உப்புத்தாளில் தேய்த்துப் புதிதாக்கலாம்.

உண்மையில் உலோகத்தை அரிப்பது பசைதான். சாதாரணக் கத்திக்குப் பச்சை நிறக் குரோமியம் ஆக்சைடு போதும். வனேடியம் அதிகமுள்ள எஃகு என்றால் வைரப்பசையே வாங்குங்கள், 1 மைக்ரான் துகள் அளவு நல்ல தொடக்கம். அந்த எஃகிலுள்ள வனேடியம் கார்பைடு துகள்கள் குரோமியம் ஆக்சைடைவிடக் கடினமானவை. பசையை மெல்லிய படலமாகப் பூசினால் போதும். ஒரு பலகைக்கு ஒரே பசை. பெரிய துகள் ஒன்று கலந்தாலும் கீறல் விழும்.

முதுகு முன்னே போக, வாய் பின்னே வர இழுங்கள். கல்லில் பிடித்த அதே கோணம், கத்தியின் எடையைவிடச் சற்றே கூடுதலான அழுத்தம். இழுப்பின் முடிவில் கத்தியைச் சாய்த்துத் தூக்காதீர்கள், பலரும் கூரைக் கெடுப்பது அந்த இடத்தில்தான்.

பக்கத்துக்குப் பத்து இழுப்புக்குப் பிறகும் கத்தி காகிதத்தை வெட்டாமல் வழுக்கிக்கொண்டு போனால், பலகையை மாற்றிப் பயனில்லை. கல்லுக்குத் திரும்புங்கள். வாயின் முழு நீளத்துக்கும் மறுபக்கத்தில் பிசிறு (தீட்டும்போது விளிம்பில் மடிந்து எழும் மெல்லிய உலோகம்) விரலுக்குத் தட்டுப்படும்வரை தீட்டிவிட்டு, அதன் பிறகு இழையுங்கள்.