பொருள்களின் இணையம் என்றால் என்ன? அதனால் என்ன பயன்?

மனிதர் தட்டச்சு செய்யாமலேயே, பொருள்கள் தாம் அளந்த செய்தியை இணையம் வழியே அனுப்பி, அதற்கேற்ப இயங்கவும் செய்கிற ஏற்பாடே பொருள்களின் இணையம், அதாவது ஐஓடி (Internet of Things). 1999-இல் பிரித்தானியத் தொழில்நுட்ப வல்லுநர் கெவின் ஆஷ்டன் சூட்டிய பெயர் இது. அளக்கும் கருவிகளான உணரிகளும் (சென்சார்) சில்லுகளும் (சிப்) மலிவான பிறகே அது பரவலாயிற்று.

அடுப்பில் பால் பொங்குவதைக் கண் காண்கிறது, மூளை முடிவெடுக்கிறது, கை அடுப்பை அணைக்கிறது. பொருள்களின் இணையத்தில் உணரி கண்ணாகவும், தொலைவில் உள்ள கணினி மூளையாகவும், மின் சுவிட்ச் கையாகவும் அமைகின்றன.

கடலூர் மாவட்டத்துப் பரங்கிப்பேட்டைப் பக்கத்து இறால் குளங்களை எண்ணிப் பாருங்கள். பகலில் உயிர்வளியை (ஆக்சிஜனை) வெளியிடும் பாசி, இருட்டியபின் இறாலோடு சேர்ந்து அதையே உட்கொள்வதால், விடியலுக்குச் சற்று முன் நீரில் அதன் அளவு மிகவும் குறைகிறது. லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் இறால் தளரத் தொடங்கும். நீரில் தொங்கும் உணரி அந்த அளவை அனுப்பினால், நீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர் தானாகவே ஓடும். உரிமையாளரின் கைப்பேசிக்கும் செய்தி போகும். ஆனால் உணரியின் முனையில் படியும் பாசியை அவ்வப்போது துடைக்காவிட்டால் அது காட்டும் அளவை நம்ப முடியாது. விற்பவர்கள் இதைச் சற்றுத் தாழ்ந்த குரலில்தான் சொல்வார்கள்.

கெடிலம், பெண்ணையாறு போன்ற ஆறுகளின் வெள்ள மட்டத்தைக் கவனிப்பதற்கும், மின் மீட்டரைத் தொலைவிலிருந்து படிப்பதற்கும் இதே முறை பயன்படும்.

இதற்கு அதிவேக இணையம் கட்டாயம் என்று பலர் எண்ணுகிறார்கள். உணரி ஒவ்வொரு முறையும் அனுப்புவது சில எண்களை மட்டுமே என்பதால், இத்தகைய வேலைகளுக்குச் சாதாரண சிம் கார்டின் மெதுவான இணைப்பே போதும்.