நாக்அவுட் ஆட்டங்களில் கார்டியோலா ரொம்ப யோசித்துக் கெடுத்துக்கொள்கிறாரா?

“சாம்பியன்ஸ் லீக் நாக்அவுட் வந்தாலே பெப் கார்டியோலா புதிதாக எதையாவது முயன்று தோற்றுவிடுகிறார் என்கிறார்களே, உண்மையா?” என்று கேட்டிருக்கிறீர்கள். (சாம்பியன்ஸ் லீக் ஐரோப்பிய கால்பந்து கிளப்புகளின் போட்டி, நாக்அவுட் என்பது தோற்றால் வெளியேறும் கட்டம்.) சில ஆட்டங்களில் உண்மை, பல ஆட்டங்களில் இல்லை. எது எந்த ரகம் என்று ஸ்கோரை வைத்துச் சொல்ல முடியாது. இது எனக்கு உறைத்தது ஒரே ராத்திரியில்.

2020 ஆகஸ்ட் 15, லிஸ்பன். கொரோனா காரணமாக அந்த வருடம் காலிறுதி ஒரே ஆட்டம்தான் (வழக்கமாக இரண்டு ஆட்டம், இரண்டின் கோல்களையும் கூட்டித்தான் முடிவு). கார்டியோலா பயிற்சியளித்த மான்செஸ்டர் சிட்டிக்கு எதிரே லியோன், பிரெஞ்சு லீக்கில் ஏழாவதாக முடித்த அணி. நமக்கு இரவு பன்னிரண்டரை மணி. வீரர்கள் பட்டியல் வந்ததும் பார்த்தால், வழக்கமான நான்கு பேர் தடுப்பு இல்லை. ஃபெர்னாண்டினியோ, 19 வயது எரிக் கார்சியா, லபோர்ட் என்று மூன்று பேர். மாரேஸ், பெர்னார்டோ சில்வா, டேவிட் சில்வா, ஃபோடன் எல்லாரும் பெஞ்சில். நான் நண்பனுக்கு அனுப்பிய செய்தி இன்னும் போனில் இருக்கிறது: “லியோனுக்கு டிபாய், எகாம்பி என்று ரெண்டு ஸ்ட்ரைக்கர். மூணு பேர் நின்னா பாதுகாப்பு. நல்ல முடிவு.”

3-1 என்று தோற்று வெளியேறினார்கள். விடிந்ததும் அதே நண்பனிடம், “அப்பவே தெரியும், மூணு பேரை நிறுத்தினதே தப்பு” என்று அரை மணி நேரம் பேசினேன். அவன் எதுவும் சொல்லாமல் என் செய்தியையே எனக்குத் திருப்பி அனுப்பினான்.

அன்றிலிருந்து ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். பட்டியல் வந்ததும், பந்து உருளும் முன்னால், இந்தத் திட்டம் ஏன், எங்கே உடையும் என்று இரண்டு வரி எழுதிவிடுவேன். இடைவேளையில் ஒரு வரி. மறுநாள் எதையும் மாற்றக் கூடாது. பயிற்சியாளர் முடிவெடுக்கும்போது அவருக்கும் அவ்வளவுதானே தெரியும்? அவரை அந்த இடத்தில் வைத்துப் பார்ப்பதுதான் நியாயம்.

சரி, லியோன் ஆட்டத்துக்கே வருகிறேன். அப்புறம் அதை நான்கைந்து முறை பார்த்துவிட்டேன். 24வது நிமிடம் பின்னாலிருந்து ஒரு நீளப் பந்து. எகாம்பி ஓடுகிறார், கார்சியா சறுக்கித் தடுக்கிறார், பந்து தெறித்து லியோனின் கோர்னேயிடம் போகிறது. சிட்டி கோல்கீப்பர் எடர்சன் முன்னால் வந்துவிட்டதைப் பார்த்துத் தூரத்திலிருந்தே அடித்தார், கோல். மூன்று பேர் நின்றும், எந்த ஆபத்துக்காக நிறுத்தினாரோ அதே ஆபத்தில்தான் விழுந்தார்கள். முன்னால் ஆளும் குறைந்துபோனது. 56வது நிமிடம் ஃபெர்னாண்டினியோவை எடுத்துவிட்டு மாரேஸை இறக்கிப் பழைய அமைப்புக்குத் திரும்பினார். 69வது நிமிடம் சிட்டியின் டி பிரய்னா சமன் செய்தார். திருத்தியதும் ஆட்டம் மாறியது என்றால், திட்டம் தப்பு என்று அர்த்தம். அதை நான் கார்டியோலாவின் கணக்கில்தான் எழுதுவேன். ஆனால் 86வது நிமிடம் ஆளில்லாத கோலுக்கு மேலே சிட்டியின் ஸ்டெர்லிங் அடித்தாரே, அதுவும் அடுத்த நிமிடமே எடர்சன் கைநழுவ விட்ட பந்தில் லியோனின் டெம்பெலே போட்ட கோலும் அவர் கணக்கில் வராது. ‘தோல்வி’ என்ற ஒரே வார்த்தைக்குள் இந்த மூன்றும் அடங்கிவிடுகின்றன. அதனால்தான் பிரித்துப் பார்க்கச் சொல்கிறேன்.

2021 போர்ட்டோ இறுதிப்போட்டியும் எனக்குத் தப்பான முடிவுதான். அந்த சீசனில் கிட்டத்தட்ட எல்லா ஆட்டத்திலும் ரோட்ரியோ ஃபெர்னாண்டினியோவோ நடுக்களத்தில் காவலுக்கு இருந்தார்கள். செல்சீக்கு எதிராக இருவருமே முதல் பதினொன்றில் இல்லை, குண்டோகன் அந்த இடத்தில். 42வது நிமிடம் செல்சீயின் மௌண்ட் நடுவில் ஒரு பாஸ் போட்டார், ஹாவர்ட்ஸ் தனியாக ஓடிக் கோல் போட்டார். 1-0 தோல்வி. என் நோட்டில் இடைவேளை வரி: “நடுவில் ஆள் வேண்டும்.” ஃபெர்னாண்டினியோ வந்தது 64வது நிமிடம். பட்டியலில் செய்த தப்பைக்கூட மன்னிக்கலாம், செல்சீயிடம் அதற்கு முந்தைய ஆறு வாரத்தில் இரண்டு முறை தோற்றிருந்தார்கள், வேறு வழி தேடியது புரிகிறது. இடைவேளையிலும் திருத்தாததுதான் எனக்கு வலிக்கிறது.

இதே தராசில் ரியால் மாட்ரிட்டுக்கு எதிரான 2022 அரையிறுதியின் இரண்டாவது ஆட்டத்தை வையுங்கள். மொத்தக் கணக்கில் சிட்டி 5-3 முன்னிலை. 87வது நிமிடம் வாக்கில் சிட்டியின் கிரீலிஷ் அடித்ததை ரியாலின் மெண்டி கோட்டில் வெளியேற்றினார். அடுத்து ரியாலின் ரொட்ரிகோ 90வது நிமிடம் ஒன்று, 91வது நிமிடம் ஒன்று. கூடுதல் நேரத்தில் பென்சிமாவின் பெனால்டி, சிட்டி வெளியே. டி பிரய்னாவை 72வது நிமிடமே எடுத்தது ஏன் என்று இன்றும் கேட்கிறார்கள். எடுத்த மறுநிமிடமே மாரேஸ் கோல் போட்டார் என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள். இதை ‘யோசித்துக் கெடுத்த’ பட்டியலில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த வருடம் ஸ்டோன்ஸைத் தடுப்பிலிருந்து நடுக்களத்துக்கு ஏற்றியது இவை எல்லாவற்றையும் விட விசித்திரமான யோசனை. மாட்ரிடில் 1-1 என்று முடிந்த அரையிறுதி முதல் ஆட்டத்தில் ஒரு மாற்று வீரரைக்கூட இறக்கவில்லை. அதே பதினொரு பேர் எட்டு நாள் கழித்து ரியாலை 4-0 அடித்தார்கள், கோப்பையும் வந்தது. உடனே அதற்கு மேதைமை என்று பேர் வைத்தோம். ஆளும் அதே ஆள், பழக்கமும் அதே பழக்கம்.

2024 காலிறுதியில் பெனால்டியில் ரியாலிடம் தோற்றபோது என் நோட்டில் “ஹாலண்டை ஏன் எடுத்தார்?” என்று பெரிதாக எழுதியிருந்தேன். ஹாலண்ட், டி பிரய்னா, அகாஞ்சி மூன்று பேருமே தங்களால் முடியவில்லை, மாற்றுங்கள் என்று கேட்டதாக ஆட்டம் முடிந்ததும் கார்டியோலா சொன்னார். எழுதியதை அடிக்கக் கூடாது என்பது என் விதி. அதனால் பக்கத்தில் தேதி போட்டு, “அவர்களே கேட்டார்கள்” என்று மட்டும் சேர்த்தேன்.