'ஃபிளாஷ் லைட்' பேஸ் சோகையாகக் கேட்பது பற்றி

நண்பரே, 'ஃபிளாஷ் லைட்' பாட்டின் பேஸ் (கீழ்ச்சுர வரிசை) உங்கள் கையில் சோகையாகக் கேட்பதற்குக் கிளாசிக்கல் பயிற்சிதான் காரணமோ என்று கேட்டிருந்தீர்கள். நிச்சயம் இல்லை. பார்லியமென்ட் என்ற ஃபங்க் இசைக்குழுவின் அந்த 1977 பதிவில் வாசித்த பெர்னி வொரெல், ஜூலியார்ட் இசைப்பள்ளியில் கிளாசிக்கல் படித்த பியானோக்காரர்!

அந்த பேஸ் கிட்டாரில் வந்ததல்ல, மினிமூக் என்ற சிந்தசைசரில் (மின்னணு கீபோர்டில்) வந்தது. அதில் ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் ஒலிக்கும். அதனால் உங்கள் சிந்தசைசரை முதலில் மோனோவுக்கு, அதாவது ஒற்றைச் சுர முறைக்கு, மாற்றுங்கள். ஒலியை உருவாக்கும் ஆசிலேட்டர்களைத் துளி டீட்யூன் செய்து (சுருதியைச் சற்றே விலக்கி), ஒலியின் கூர்மையை வெட்டும் ஃபில்டரை நன்றாக இறக்கி, ஃபில்டர் என்வலப்பின் டிகேயை (ஃபில்டர் திறந்து இறங்கும் நேரத்தை) குறுக்குங்கள். கிளைட் (சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்குவது) கொஞ்சம் போதும். ரிவெர்ப் (அறை எதிரொலி) வேண்டவே வேண்டாம்.

இவ்வளவும் செய்த பிறகும் ஒட்டவில்லை என்றால் விரலைப் பாருங்கள். பியானோ பழக்கத்தில் சுரத்தை நீட்டிவிடுகிறோம். இங்கே சட்டென்று விட வேண்டும், முதல் அடியில் மட்டும் அழுத்தமாக இறங்க வேண்டும். தாளம் தட்டும் மெட்ரோனோமை மெதுவாக வைத்து வலது கையைச் சேர்க்காமல் பழகுங்கள்.

1980களில் டாக்கிங் ஹெட்ஸ் என்ற ராக் குழுவோடு வொரெல் வாசித்ததையும் கேளுங்கள். எனக்கு அதுதான் இன்னும் பிடிக்கும்.