லினக்ஸுக்கு மாறிய பிறகு, படங்களில் இட்ட பெயர்கள் எங்கே போயின?

கோண்டாவிலில் இருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார்: “விண்டோஸ் 10 இருந்த எனது பழைய கணினியில் பெறாமகன் லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தைப் போட்டுத் தந்தான். படங்களை வெளி வன்தட்டில் எடுத்து வைத்துவிட்டுத்தான் செய்தான். படங்கள் திறக்கின்றன. ஆனால் பிக்காசா என்ற பட மென்பொருளில் முகங்களுக்கு நான் இட்ட பெயர்கள் ஒன்றும் இல்லை. அம்மா பக்கத்தில் இருந்து, இவர் இன்னார் என்று சொல்லச் சொல்ல இட்டவை. அம்மா இப்போது இல்லை. 1970களில் எடுத்த படங்களெல்லாம் 2014இல் எடுத்தவை போல நிற்கின்றன. கனடாவில் இருக்கும் தம்பி அனுப்பிய ‘கோயில்’ என்ற கோப்புறை இரண்டாகத் தெரிகிறது. வன்தட்டில் எதையும் மாற்றவும் முடியவில்லை. பெயர்களையாவது மீட்க வழியுண்டா?”

பெரும்பாலும் உண்டு. ஆனால் அதற்கு முன் ஒரு வேண்டுகோள்: இன்றைக்கு அந்த வன்தட்டில் எதையும் திருத்தவோ, அழிக்கவோ, ஒழுங்குபடுத்தவோ வேண்டாம். இன்னொரு வன்தட்டு வாங்கியோ இரவல் பெற்றோ, கோப்புறைகளை முழுதாக அப்படியே பிரதி எடுங்கள். கோப்புறையைத் திறந்து உள்ளே உள்ள படங்களை மட்டும் தெரிவுசெய்து எடுக்கக் கூடாது. கோப்புறையையே எடுக்க வேண்டும். ஏன் என்பது கீழே வருகிறது. இனிச் சொல்லும் வேலைகள் எல்லாவற்றையும் அந்தப் பிரதியில்தான் செய்ய வேண்டும்.

இயங்குதளம் மாறியதால் படங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. படத்தைப் பற்றி நீங்கள் எழுதியவை எங்கே இருந்தன என்பதுதான் சங்கதி. பழைய அல்பங்களில் சிலர் படத்தின் பின்பக்கத்திலேயே பேனையால் எழுதுவார்கள், சிலர் தனியாக ஒரு கொப்பியில் எழுதி வைப்பார்கள். கணினியிலும் அப்படித்தான். பிக்காசாவில் படத்துக்குக் கீழே நீங்கள் தட்டச்சிட்ட குறிப்பு, ஜேபெக் படமாக இருந்தால், படக் கோப்புக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும். முகங்களின் பெயர்கள் அப்படி அல்ல. அவை ஒவ்வொரு கோப்புறைக்குள்ளும் ‘.பிக்காசா.ஐஎன்ஐ’ (.picasa.ini) என்ற சிறிய மறைகோப்பில் இருக்கும். வெட்டித் திருத்தி, ‘சேவ்’ கொடுக்காமல் விட்ட படங்களின் திருத்தங்களும் அதற்குள்தான். ஆகவே சில படங்கள் பழையபடி வெட்டப்படாமல் தெரிந்தால் பயப்படாதீர்கள். ‘சேவ்’ கொடுத்த படங்களின் மூலப்பிரதி ‘.பிக்காசாஒரிஜினல்ஸ்’ என்ற இன்னொரு மறைகோப்புறையில் இருக்கும். இடம் பிடிக்கிறது என்று அதை யாரும் அழித்துவிடக் கூடாது.

கூகுள் 2016இல் பிக்காசாவைக் கைவிட்டுவிட்டது. மின்டில் உள்ள பட மென்பொருட்கள் அந்த மறைகோப்பைத் திரும்பிப் பார்ப்பதில்லை. பெயர்கள் காணாமல் போனதற்குக் காரணம் இவ்வளவுதான்.

இப்போது அந்தக் கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். மின்டில் ஒரு படக் கோப்புறையைத் திறந்து, கொன்ட்ரோல் விசையை அழுத்தியபடி எச் விசையை அழுத்துங்கள். புள்ளியில் தொடங்கும் மறைகோப்புகள் வெளியே வரும். அந்தக் கோப்பைச் சாதாரண எழுத்துத் தொகுப்பியில் திறந்தால் இலக்கமும் எழுத்துமாகக் குழம்பிய வரிகள் இருக்கும். அவற்றின் நடுவே, பிக்காசாவின் பிந்திய பதிப்புகளில், ‘கொன்டாக்ட்ஸ்2’ என்ற தலைப்பின் கீழ் நீங்கள் இட்ட பெயர்கள் வாசிக்கக்கூடிய வடிவிலேயே வரிசையாக இருக்கும். அவற்றைக் கண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. பார்த்துவிட்டுச் சேமிக்காமல் மூடுங்கள்.

அடுத்தது, அந்தப் பெயர்களைப் படங்களுக்குள்ளேயே எழுதுவிப்பது. இதற்குப் பிக்காசா 3.9 இன்னும் இருக்கும் ஒரு விண்டோஸ் கணினி தேவை. சொந்தக்காரரிடமோ அயலிலோ விசாரித்தால் ஒன்று கிடைக்கக்கூடும். முன்பின் தெரியாத தளங்களில் இருந்து பிக்காசாவை இறக்காதீர்கள், அவற்றோடு வைரஸும் சேர்ந்து வரலாம். பிரதி வன்தட்டை அந்தக் கணினியில் செருகி, பிக்காசாவின் ‘ஃபோல்டர் மனேஜர்’ வழியாகக் கோப்புறைகளைச் சேர்த்து, பெயர்கள் முகங்களில் தெரியும்வரை பொறுத்திருங்கள். பிறகு ‘டூல்ஸ்’, ‘ஆப்ஷன்ஸ்’, ‘நேம் டாக்ஸ்’ என்று போய், பெயர்களைப் படத்துக்குள் சேமிக்கும் தெரிவை இடுங்கள். ஏற்கெனவே உள்ள பெயர்களுக்கு ‘டூல்ஸ்’ பட்டியலில் ‘எக்ஸ்பெரிமென்டல்’ என்பதன் கீழ் ‘ரைட் ஃபேஸஸ் டு எக்ஸ்எம்பி’ என்று ஒன்று இருக்கிறது. முதலில் ஒரு சிறிய கோப்புறையில் செய்து பார்த்துவிட்டு மற்றவற்றுக்குப் போங்கள். இந்த வேலை ஒவ்வொரு படக் கோப்பையும் திறந்து எழுதுவதால், நடுவில் மின்சாரம் நின்றால் அந்த நேரத்தில் எழுதப்படும் படம் பழுதாகலாம். யூபிஎஸ் இல்லாவிட்டால், பற்றரி நிறைந்த மடிக்கணினியில் செய்வது நல்லது.

அது முடிந்ததும் மின்டின் மென்பொருள் மேலாளரில் இருந்து ‘டிஜிகாம்’ என்ற இலவச மென்பொருளை நிறுவி, அந்தப் பிரதியைக் காட்டுங்கள். படத்துக்குள் எழுதப்பட்ட முகப் பெயர்களை அது வாசிக்கும். படங்களை முன்பே அதில் சேர்த்திருந்தால் புதிய பெயர்கள் உடனே தெரியாது. ‘மெயின்டனன்ஸ்’ பகுதிக்குப் போய், படங்களில் இருந்து தரவுத்தளத்துக்கு என்ற திசையில் ஒத்திசைக்கச் சொல்லுங்கள். திசையை மாற்றிக் கொடுத்துவிடாமல் இருமுறை பாருங்கள்.

மறைகோப்பே இல்லை என்றால்? பெறாமகன் கோப்புறைக்குள் போய்ப் படங்களை மட்டும் தெரிவுசெய்து பிரதி எடுத்திருப்பார். அப்படியானால் அவரிடம் கேட்க வேண்டியது, பழைய வன்தட்டை என்ன செய்தார் என்பது. பழசைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி என்ற புதுவகை வட்டைப் போட்டிருந்தால், கழற்றியது எங்காவது லாச்சிக்குள் இருக்கும், அதில் எல்லாம் அப்படியே இருக்கும். அதே வன்தட்டை அழித்து மின்ட் போட்டிருந்தால், அந்தக் கணினியை இப்போதே நிறுத்திவைத்து, தரவு மீட்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். நீங்கள் பயன்படுத்தும் ஒவ்வொரு நாளும் வாய்ப்புக் குறையும். எஸ்எஸ்டியையே அழித்திருந்தால் மீட்பது மிகக் கடினம். அப்போதும் முன்பு டிவிடியில் எரித்து வைத்தவை, தம்பிக்குக் கொடுத்துவிட்ட பிரதிகள் என்று தேடுங்கள். கோப்புறையாகப் பிரதி எடுத்திருந்தால் மறைகோப்பும் கூடவே போயிருக்கும்.

சரி, திகதிகள். 2014 என்பது அந்தப் படங்களை நீங்கள் ஸ்கேன் செய்த ஆண்டாக இருக்க வேண்டும். டிஜிட்டல் கமராவில் எடுத்த படத்தில் எடுத்த நேரம் எக்ஸிஃப் என்ற குறிப்பாக உள்ளேயே பதிவாகும். ஸ்கேன் செய்த படத்துக்கு ஸ்கேன் செய்த நாளைத் தவிர வேறு எதுவும் தெரியாது. இதை மேலோட்டமாகச் சொல்லிக் கடக்க எனக்கு மனமில்லை. 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வில் அல்பங்களை விட்டுவிட்டு ஓடிய வீடுகள் இங்கே எத்தனையோ. வெளிநாட்டுச் சொந்தங்களிடம் தப்பியிருந்த படங்களை ஸ்கேன் செய்து வாங்கியதுதான் பலருக்கு மிஞ்சியது. அந்தப் படங்களுக்குச் சரியான ஆண்டு இடுவது வீண்வேலை அல்ல. டிஜிகாமில் படங்களைத் தெரிவுசெய்து, நேரமும் திகதியும் திருத்தும் கருவியில் நீங்களே ஒரு திகதி கொடுக்கலாம். ஆண்டு மட்டும்தான் தெரியும் என்றால் ஜனவரி 1 என்று இட்டு, ‘ஆண்டு மட்டுமே நிச்சயம்’ என்று குறிப்பில் எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் பத்து வருடம் கழித்துப் பார்ப்பவர்கள் புதுவருடத்தன்று எடுத்த படம் என்றே நம்புவார்கள்.

வாட்ஸ்அப்பில் வந்த படங்களுக்கு எக்ஸிஃப் நீக்கப்பட்டிருக்கும். ஆனால் அண்ட்ரொய்ட் ஃபோனில் இருந்து எடுத்தவை என்றால் கோப்பின் பெயரிலேயே ஆண்டு, மாதம், நாள் எட்டு இலக்கமாக இருக்கும். அது வந்து சேர்ந்த நாள், எடுத்த நாள் அல்ல, என்றாலும் ஒன்றும் இல்லாததற்கு மேல். அதே கருவியில் கோப்புப் பெயரில் இருந்து திகதியை எடுக்கும் தெரிவும் உண்டு.

இன்னொன்றையும் கவனிப்பீர்கள். 2006 ஏப்ரலுக்கு முந்திய சில கோப்புகளின் நேரம் விண்டோஸில் பார்த்ததைவிட அரைமணி தள்ளித் தெரியலாம். இலங்கை நேரம் 1996இல் இரண்டு தடவை மாற்றப்பட்டு, 2006 ஏப்ரல் வரை கிரீனிச்சுக்கு 6 மணித்தியாலம் முன்னே இருந்தது. அதன் பிறகுதான் மீண்டும் 5.30 ஆனது. லினக்ஸ் இந்த வரலாற்றைக் கணக்கில் எடுக்கும். அது பிழை அல்ல, திருத்தப் போகாதீர்கள்.

‘கோயில்’ இரண்டாகத் தெரிவது தமிழ் எழுத்தோடு சம்பந்தப்பட்டது. ‘கோ’ என்பதை, கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோட் முறையில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஓகாரக் குறியை ஒரே குறியாக வைப்பது ஒன்று, இரட்டைக் கொம்பையும் காலையும் தனித்தனியாக வைப்பது மற்றது. திரையில் இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும், ஆனால் லினக்ஸுக்கு இரண்டும் வெவ்வேறு பெயர். அப்பிள் மாக் கணினிகளின் பழைய வட்டு முறை எப்போதும் பிரித்தே சேமிக்கும். தம்பியிடம் மாக் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், அநேகமாக ஓம் என்பார். ‘கொடியேற்றம்’, ‘பொங்கல்’ என்ற கோப்புறைகளிலும் இது வரலாம். ‘தேர்’, ‘தீர்த்தம்’ என்பவற்றில் வராது. நீங்களே ஒரு புதுக் கோப்புறைக்குப் பெயரைத் தட்டச்சிட்டு, இரண்டிலும் உள்ளவற்றை அதற்குள் நகர்த்துங்கள். ஒரே பெயரில் இரண்டு படம் வந்தால் மேலெழுத விடாமல், இரண்டையும் திறந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள். மறைகோப்பும் இரண்டிலும் ஒரே பெயரில்தான் இருக்கும். அதனால் பெயர்களைப் படங்களுக்குள் எழுதி முடிக்கும்வரை இந்த ஒன்றுசேர்ப்பைத் தொடவே வேண்டாம்.

வன்தட்டில் எழுத முடியாததற்குக் காரணம், பெரும்பாலும் விண்டோஸ் அதைச் சரியாக மூடாமல் விட்டதுதான். விண்டோஸ் 10இல் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்’ இருக்கும்போது ‘ஷட் டவுன்’ கொடுத்தாலும் கணினி முழுதாக நிற்பதில்லை. மின்வெட்டோ அவசரமாகக் கழற்றியதோகூடக் காரணமாக இருக்கலாம். லினக்ஸ் அப்படிப்பட்ட வட்டை வாசிக்க மட்டும் திறப்பது உங்கள் பாதுகாப்புக்குத்தான். பிரதி எடுத்த பிறகு, ஒரு விண்டோஸ் கணினியில் செருகி, வட்டுப் பிழை சோதிக்கச் சொல்லி, முறைப்படி கழற்றினால் சரியாகிவிடும். 

புதிதாக ஒரு பெயரைக்கூட இடுவதற்கு முன், டிஜிகாமின் அமைப்பில் ‘மெட்டாடேட்டா’ பகுதியைத் திறந்து, முகப் பெயர், குறிப்பு, திகதி மூன்றையும் படக் கோப்பிலேயே எழுதும் தெரிவுகள் இடப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு ஒரு படத்துக்குப் பெயரிட்டு, அந்த ஒரு படத்தை மட்டும் வேறு கணினிக்குக் கொண்டுபோய் அங்குள்ள டிஜிகாமில் திறந்து, பெயர் கூடவே வருகிறதா என்று சோதித்துவிட்டுத் தொடருங்கள்.