விமானம் எத்தனை மணி நேரம் பறக்கும்? கேள்வி பதில்

விமானங்களுக்குப் பாதை போட்டுக் கொடுப்பது என் வேலை. தூரம், நேரம் பற்றி மட்டும் கேளுங்கள்.

கேள்வி: நியூயார்க்–லண்டன் சுமார் 5,550 கி.மீ. விமானம் மணிக்கு 900 கி.மீ. போகிறது. ஆறு மணி நேரம் சொச்சம்தானே வர வேண்டும்? டிக்கெட்டில் போக ஏழு, திரும்ப எட்டு என்கிறார்களே?

பதில்: தூரத்தை வேகத்தால் வகுக்காதீர்கள். டிக்கெட்டில் உள்ள நேரம் இந்த ஊர் விமான நிலைய வாயிலை விட்டு நகர்ந்ததிலிருந்து அந்த ஊர் வாயிலில் நிற்கும் வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, இறங்க இடமில்லாமல் வட்டமடிப்பது எல்லாம் அதில் அடக்கம். அப்புறம் காற்று. சுமார் 10 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஜெட் ஸ்ட்ரீம் ஆறு மாதிரி ஓடுகிறது. கிழக்கே போனால் தள்ளிவிடும், மேற்கே வந்தால் மறிக்கும். 2020 பிப்ரவரியில் ஒரு ஜம்போ ஜெட் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. தரைக்கணக்கில் அதன் வேகம் மணிக்கு 1,300 கி.மீ.யைத் தாண்டியது. ஒலியை முந்தியதா என்று கேட்டு வராதீர்கள். தன்னைச் சுற்றியிருந்த காற்றுக்குள் அது வழக்கமான வேகத்தில்தான் பறந்தது.

கேள்வி: நியூயார்க்–டோக்கியோ விமானம் ஏன் அலாஸ்கா பக்கம் சுற்றிப் போகிறது?

பதில்: அதுதான் குறுக்கு வழி. பூகோள உருண்டையில் இரண்டு ஊருக்கும் இடையே நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். திரும்பும்போது மட்டும், தூரம் கூடினாலும் பரவாயில்லை என்று காற்றைப் பிடிக்கத் தெற்கே இறங்குவோம்.

கேள்வி: பூமி கிழக்கே சுழல்கிறது. மேற்கே போனால் ஊர் எதிரே வருமே?

பதில்: காற்றும் பூமியோடு சேர்ந்துதான் சுழல்கிறது. ஓடும் ரயிலில் எகிறிக் குதித்தால் பின்பெட்டியிலா விழுகிறீர்கள்?

கேள்வி: ஜெட் ஸ்ட்ரீமே பூமி சுழல்வதால்தான் என்று படித்தேன். அப்படியானால் முந்தைய கேள்வி கேட்டவர் சொன்னது சரிதானே?

பதில்: நல்ல பிடி. பூமத்திய ரேகையில் தரை மணிக்குச் சுமார் 1,670 கி.மீ. வேகத்தில் கிழக்கே ஓடுகிறது. 60 டிகிரி அட்சரேகையில் அதில் பாதிதான். வெப்ப மண்டலத்திலிருந்து துருவப் பக்கம் நகரும் காற்று பழைய வேகத்தைச் சுமந்து வந்து, மெதுவாக ஓடும் தரையை முந்துகிறது. சுழற்சிக்குப் பங்கு உண்டு, ஆனால் லாபம் கிழக்கே போகிறவருக்கு. அவர் சொன்னதற்கு நேர் எதிர்.

கேள்வி: ஹெலிகாப்டர் ஒரே இடத்தில் நின்றால் கீழே பூமி நகருமா?

பதில்: ரயில். மேலே.

கேள்வி: ஹெல்சிங்கி–டோக்கியோ முன்பு ஒன்பதரை மணி நேரம். இப்போது 13. விமானம் பழசாகிவிட்டதா?

பதில்: இல்லை. 2022இல் ஐரோப்பிய ஒன்றிய விமானங்களுக்கு ரஷ்ய வான்வெளி மூடப்பட்டது. சுற்றித்தான் போக வேண்டும்.

கேள்வி: சிங்கப்பூர்–நியூயார்க் சுமார் 15,300 கி.மீ. அதை 900ஆல் வகுத்தால்...

பதில்: வகுக்காதீர்கள். 18 மணி நேரத்துக்கு மேல்.

கேள்வி: டோக்கியோவில் மாலை கிளம்பி லாஸ் ஏஞ்சல்ஸில் அதே நாள் காலையில் இறங்கினேன்!

பதில்: தேதிக் கோடு. பசிபிக் நடுவே அதைக் கிழக்கே தாண்டினால் தேதி ஒரு நாள் பின்னே போகும். கடிகாரங்களையும் கழிக்காதீர்கள்.

கேள்வி: எதில் டிக்கெட் மலிவு?

பதில்: தூரம், நேரம் மட்டும் என்றேன்.