பழைய பிரியஸைத் திருத்துவதா, கழற்றி விற்பதா?

மதிப்பிற்குரிய எழுத்தாளர் அவர்களுக்கு,

நான் யாழ்ப்பாணம் கொக்குவிலில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. எங்களிடம் 2010ஆம் ஆண்டு டொயோட்டா பிரியஸ் ஒன்று இருக்கிறது; பெற்றோல் என்ஜினோடு பெரிய பற்றரியும் சேர்ந்து ஓட்டும் ஹைபிரிட் கார். 2013இல் என் கணவர் வாங்கியது; 210,000 கிலோமீற்றர் ஓடியிருக்கிறது. அவர் 2021இல் காலமானார். மறு ஆண்டு பெற்றோல் தட்டுப்பாட்டில் வண்டி எட்டு மாதம் கொட்டகையிலேயே நின்றது. பிறகு ஓடிக்கொண்டுதான் இருந்தது. சென்ற மாதம் மாமியாரைப் போதனா வைத்தியசாலைக் கிளினிக்குக்கு ஏற்றிச்செல்லும் வழியில் சிவப்பு முக்கோண எச்சரிக்கை விளக்கு எரிந்தது. ஒரு கராஜில், பற்றரியில் இரண்டு செல் பழுது, அவற்றை மட்டும் மாற்றலாம் என்றார்கள். இன்னொருவர், முழுப் பற்றரியும் போய்விட்டது, வண்டியைப் பாகத்துக்குத் தந்துவிடுங்கள் என்று ஒரு விலை சொன்னார். ஓடும் நிலையில் இதே வண்டிக்குக் கிடைக்கக்கூடியதில் அது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ரொறன்ரோவில் இருக்கும் தம்பியும், இந்த வயது ஹைபிரிட்டுக்கு யாராவது பற்றரி போடுவார்களா, கழித்துவிடுங்கள் என்கிறார். காலையில் ஸ்டார்ட் ஆகும்போது சில விநாடிகள் வண்டி குலுங்குவதையும் சொல்ல வேண்டும். கணவர் ஞாயிறுதோறும் தன் கையால் கழுவித் துடைத்த வண்டி. அதைக் கூறுபோட மனம் வரவில்லை. மனத்துக்காகப் பணத்தை இறைக்க ஓய்வூதியமும் இடம் தராது. என்ன செய்யலாம்?

மதிப்பிற்குரிய ஆசிரியை அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தில் நான் இரண்டு முறை திரும்பிப் படித்த வரி, பற்றரியைப் பற்றியதன்று. காலையில் வண்டி குலுங்குகிறது என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வரி. செல் மாற்றலாம் என்றவரும் பாகத்துக்குத் தரச் சொன்னவரும் உங்கள் தம்பியும் பற்றரியைப் பற்றித்தான் பேசியிருக்கிறார்கள். என்ஜினைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. இந்த வண்டியைத் திருத்துவதா கழற்றுவதா என்பதை என்ஜின்தான் தீர்மானிக்கப் போகிறது என்பது என் உறுதியான எண்ணம்.

2009 முதல் 2015 வரை வந்த இந்தத் தலைமுறைப் பிரியஸின் 1.8 லீற்றர் என்ஜினுக்கு, எல்லா நாடுகளிலும் மெக்கானிக்குகள் அறிந்த ஒரு பலவீனம் உண்டு. வெளியேறும் புகையில் ஒரு பகுதியைக் குளிர்வித்து மீண்டும் என்ஜினுக்குள் அனுப்பும் ஓர் அமைப்பு அதில் இருக்கிறது. ஆண்டுகள் செல்லச்செல்ல அந்தக் குளிர்விப்பானும், புகையை ஒவ்வொரு சிலிண்டருக்கும் பிரித்துக் கொடுக்கும் சிறிய துளைகளும் கரி பிடித்து அடைபடுகின்றன. எல்லாத் துளையும் ஒரே அளவில் அடைபடுவதில்லை. குறைவாகப் புகை பெறும் சிலிண்டர் மற்றவற்றைவிட அதிகமாகச் சூடேறுகிறது. அந்தச் சூடு நாளடைவில், என்ஜினின் மேற்பகுதிக்கும் கீழ்ப்பகுதிக்கும் இடையே கசியாமல் அடைத்து நிற்கும் ஹெட் காஸ்கெட்டைத் தின்றுவிட, இரவில் நிற்கும் வண்டியின் கூலன்ட், அதாவது என்ஜினைக் குளிர்விக்கும் நீர், சொட்டுச் சொட்டாகச் சிலிண்டருக்குள் இறங்கிவிடுகிறது. காலையில் அந்தச் சிலிண்டர் சரியாக எரியாமல் வண்டி குலுங்குவதும், பத்து விநாடியில் ஒன்றும் நடக்காததுபோல் ஓடுவதும் இதனால்தான். சிலர் இதைப் பற்றரியின் கோளாறு என்று எண்ணி, புதிய பற்றரி போட்ட பின்னும் குலுங்குவதைக் கண்டு திகைத்துப் போகிறார்கள்.

அதற்காகக் குலுக்கம் என்றாலே காஸ்கெட் போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். கரி அடைப்பு மட்டும் இருந்தாலும் குலுங்கும். அந்தக் கட்டத்தில் பாகங்களைக் கழற்றிக் கழுவிப் பூட்டினாலே என்ஜின் பிழைத்துக்கொள்ளும். இரண்டையும் பிரித்தறிய முதற்படியாக நீங்களே செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. வண்டி முழுக்க ஆறியிருக்கும் காலையில் பொனற்றைத் திறந்து, என்ஜின் கூலன்ட் தாங்கியில் நீர்மட்டம் நிற்கும் இடத்தில் பேனையால் ஒரு கோடு போட்டுவையுங்கள். பற்றரி மின்னை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் இன்வேர்ட்டருக்கென்று தனியாக இன்னொரு தாங்கி உண்டு, அதைப் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம். இரண்டு வாரத்தில், வெளியே எங்கும் ஒழுக்கு இல்லாமலே மட்டம் கோட்டுக்குக் கீழே இறங்கினால், நல்ல கராஜ் ஒன்றில் குளிர்விப்பு அமைப்புக்கு அழுத்தம் கொடுத்து இரவு முழுவதும் விட்டு, காலையில் ஸ்பார்க் பிளக் துளை வழியே சிறு கமெராவை இறக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். எந்தச் சிலிண்டரில் நீர் நிற்கிறதோ, அங்கேதான் காஸ்கெட் விட்டுக்கொடுத்திருக்கிறது.

இனிப் பற்றரி. பின்னிருக்கைக்குப் பின்னால் இருக்கும் அந்தப் பெட்டியில் 28 கட்டிகள் தொடராக இணைக்கப்பட்டிருக்கின்றன. நம்மவர்கள் 'செல்' என்று சொல்வது இந்தக் கட்டியைத்தான். உண்மையில் ஒவ்வொன்றுக்குள்ளும் 1.2 வோல்ற் செல்கள் ஆறு இருக்கின்றன, மொத்தம் 201.6 வோல்ற். வண்டியின் கணினி கட்டிகளை இரண்டிரண்டாகச் சேர்த்து 14 தொகுதிகளாக அளக்கிறது. வண்டி இழுக்கும்போது ஒரு தொகுதி மட்டும் எப்போதும் ஏறத்தாழ 1 வோல்ற் தாழ்ந்து நின்றால், அதற்குள் ஒரு செல் செத்துவிட்டது என்று கொள்ளலாம். கராஜில் வண்டியின் கணினியைப் படிக்கும் ஸ்கானரில் இந்த 14 எண்களையும் ஓட்டத்தில் காட்டும்படி கேளுங்கள். காட்டாமல் விலை சொல்பவரிடம் வேலை கொடுக்காதீர்கள்.

இரண்டு செல் மட்டும் மாற்றும் யோசனையை நான் ஏற்கவில்லை. என் சொந்தச் சிறிய ஹைபிரிட்டில் அதைச் செய்து பார்த்தவன் நான். மாற்றி நான்காம் மாதம் வேறொரு கட்டி விழுந்தது, அதை மாற்றிய ஆறாம் வாரம் இன்னொன்று. கடைசியில் முழுப் பற்றரியையே மாற்றினேன், முன்பு கொடுத்த கூலி எல்லாம் போனதுதான். ஒரே நாளில் பிறந்து ஒரே சூட்டில் உழைத்த 28 கட்டிகளில் இரண்டு விழும்போது, மற்ற 26உம் அவற்றுக்குப் பின்னால் வரிசையில் நிற்கின்றன. போதாக்குறைக்கு, மாற்றாகப் போடப்படுவதும் பெரும்பாலும் வேறொரு பழைய வண்டியிலிருந்து எடுத்ததாகவே இருக்கும்.

ஆனால் உங்கள் வண்டிக்கு ஒரு விதிவிலக்கு இருக்கலாம். 2022இல் அது எட்டு மாதம் சும்மா நின்றது என்கிறீர்கள். இவ்வகை நிக்கல் பற்றரிகள் நின்ற இடத்திலேயே தாமாக மின்னை இழக்கும், அதுவும் ஒன்று கூட, ஒன்று குறைய. அதனால் சில கட்டிகள் சாகாமலேயே பின்தங்கியிருக்கக்கூடும். மெதுவாக மின்னேற்றிச் சமப்படுத்தும் கருவி வைத்திருப்பவர் அகப்பட்டால், முழுப் பற்றரிக்குப் பணம் கட்டுவதற்கு முன் அதைச் செய்து பார்ப்பது தகும். அதற்கும் முன்னதாக, பின்னிருக்கையின் பக்கவாட்டில் இருக்கும் காற்றுத் துவாரத்தையும் உள்ளே இருக்கும் விசிறியையும் சுத்தம் செய்ய வேண்டும். நம் செம்மண் தூசி அந்த விசிறியில் அப்பமாகப் படிந்து நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். அதைச் சுத்தம் செய்யாமல் புதிய பற்றரி போட்டால், அதுவும் அதே சூட்டில் வேகும். இத்தோடு, பின்பெட்டியில் இருக்கும் சிறிய 12 வோல்ற் பற்றரியையும் சோதிப்பது நல்லது. அது தளர்ந்தாலே பொய் எச்சரிக்கைகள் வரும்.

இன்னும் ஒன்றே ஒன்றைக் கவனியுங்கள்: பிரேக் மிதிக்காமல் வண்டி நிற்கும்போதே சில விநாடிகளுக்கு ஒருமுறை பம்ப் ஓடும் சத்தம் கேட்கிறதா? கேட்டால் பிரேக் அழுத்த அமைப்பு கசிகிறது என்று பொருள், அது பெருஞ்செலவு.

தம்பி சொன்னது அவருடைய ஊருக்குச் சரியான கணக்கு. அங்கே மெக்கானிக்கின் ஒரு மணி நேரக் கூலி அதிகம். பனிக்காலத்தில் வீதியில் தூவும் உப்பு வண்டியின் அடியை அரித்துவிடும். பழையதைக் கழித்தால் இன்னொரு பழையதைச் சுலபமாக வாங்கலாம். நம் நாட்டில் 2020 மார்ச்சில் நின்ற கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது, அதுவும் கடும் வரியோடு. ஓடும் வண்டிக்கு இங்கே இருக்கும் விலையை வைத்துப் பார்த்தால், பற்றரிச் செலவு அதில் ஒரு சிறிய பங்கு. மூன்றில் ஒரு பங்குக்கு விலை பேசியவர் இதை நன்றாக அறிவார். அவருக்குத் தேவை உங்கள் வண்டியின் இன்வேர்ட்டரும் கதவும் முன்விளக்கும், அருமையான உலோகங்கள் அடங்கிய புகைச் சுத்திகரிப்பானும். பற்றரியை மாற்றி அவரே வண்டியை ஓட விட்டு விற்கவும் கூடும்.

ஆகவே என் முடிவு இது. கூலன்ட் குறையவில்லை, பிரேக் பம்ப் அமைதியாக இருக்கிறது, அடித்தகடு துருவேறவில்லை என்றால் திருத்துங்கள்: முதலில் கரி அடைப்பைக் கழுவுங்கள், பிறகு எழுத்தில் உத்தரவாதம் தரும் ஒருவரிடம், புதிய கட்டிகளாலான முழுப் பற்றரியைப் போடுங்கள். காஸ்கெட் மட்டும் போயிருந்தால் காஸ்கெட், பற்றரி இரு செலவையும் கூட்டி, ஓடும் விலையின் பாதிக்குள் நின்றால் அப்போதும் திருத்தவே சொல்வேன். காஸ்கெட்டோடு பிரேக்கும் போயிருந்தால், மனத்தைத் தேற்றிக்கொண்டு கொடுத்துவிடுங்கள். அப்போதும் கொழும்பில் வாகனப் பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தைப் பக்கம் இரண்டு மூன்று பேரிடமாவது விலை கேட்ட பிறகு கொடுங்கள்; வீட்டு முற்றத்தில் யாரையும் கழற்ற விடாதீர்கள், பெரிய பற்றரியிலிருந்து செல்லும் செம்மஞ்சள் நிறக் கம்பிகளில் ஓடும் மின் ஆளைக் கொல்லும். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவை இரத்துச் செய்த பின்னரே பதிவுப் புத்தகம் உங்கள் கையை விட்டுப் போகட்டும். இல்லாவிட்டால் உங்கள் கணவரின் வண்டி இலக்கம் வேறெந்த வண்டியில் ஓடும் என்று சொல்ல முடியாது.

கூறுபோட மனம் வரவில்லை என்று எழுதியதற்காக நீங்கள் கூச்சப்பட வேண்டியதில்லை. ஒரே கையில் ஒழுங்காகப் பராமரிக்கப்பட்ட வண்டி, எப்போது எண்ணெய் மாற்றியது, எங்கே அடிபட்டது என்று உங்களுக்குத் தெரிந்த வண்டி. அந்தப் பணத்துக்கு வாங்கப் போகும் வேறெந்தப் பழைய வண்டிக்கும் இந்த வரலாறு கிடைக்காது. கணவர் சேவிஸ் பற்றுச்சீட்டுகளைச் சேர்த்து வைத்திருந்தால் அவற்றைத் தேடி எடுங்கள்; கூலன்ட் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்பது அதில் இருக்கும்.

இந்தச் சோதனைகள் முடியும்வரை மாமியாரைக் கிளினிக்குக்கு ஓட்டோவில் கூட்டிச் செல்லுங்கள். குலுங்கும் என்ஜினோடு இந்த வண்டியை நீண்ட ஓட்டத்துக்கு எடுக்க வேண்டாம். இரண்டு வாரம் கழித்து, பேனைக் கோட்டிலிருந்து கூலன்ட் எவ்வளவு இறங்கியது என்பதையும் அந்த 14 எண்களையும் எனக்கு எழுதுங்கள்.