பாதி 'சிவகாமியின் சபத'மும் அப்பாவின் ஒரு கேள்வியும்

கேள்வி: இப்போது நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் சரித்திர நாவல் எது? பாதியில் நிற்கும்போது மனதில் என்ன ஓடுகிறது?

கல்கியின் 'சிவகாமியின் சபதம்'. நான்கு பாகங்களில் மூன்றாவதான 'பிக்ஷுவின் காத'லுக்குள் இருக்கிறேன். இதுவரை படித்ததைச் சொல்லத்தான் போகிறேன். இன்னும் தொடங்காதவர்கள் இந்தப் பதிலைப் பிறகு படியுங்கள். முடித்தவர்கள் மிச்சத்தை என்னிடம் சொல்லிவிடாதீர்கள்.

நான் தனியாகப் படிக்கவில்லை. தினமும் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அப்பாவுக்கு வாசித்துக் காட்டுகிறேன். அப்பா மாமல்லபுரத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் கல்வேலை செய்தவர். இப்போது கண் சரியில்லை, எழுத்து தெரிவதில்லை. பல்லவர் கதை என்றதும், 'நம்ம ஊர்க் கதைதானே, படி' என்றார்.

முதல் பாகம் எங்களுக்குச் சிட்டாய்ப் பறந்தது. சிற்பி ஆயனரின் மகள் சிவகாமியின் நடன அரங்கேற்றம் பாதியில் நிற்கிறது, சளுக்கர் படையெடுப்புச் செய்தி வருகிறது, மதம் பிடித்த யானைமேல் பரஞ்சோதி என்ற இளைஞன் வேலை எறிகிறான். இப்படி ஆரம்பித்தால் யார் புத்தகத்தை மூடுவார்கள்? அப்பர் பெருமான் முன்னால் சிவகாமி 'முன்னம் அவனுடைய நாமம் கேட்டாள்' பாட்டுக்கு அபிநயம் பிடிக்கும் இடத்தில் அப்பாவும் கூடவே முணுமுணுத்தார். 'தலைப்பட்டாள் நங்கை தலைவன் தாளே' என்ற கடைசி அடி வந்ததும், 'கொஞ்சம் நிறுத்தும்மா' என்று சொல்லிவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். இளவரசர் மாமல்லரும் சிவகாமியும் மாறி மாறி உருகும் அத்தியாயங்கள்தான் எனக்கு நீளமாகப் பட்டன. வாராவாரம் பத்திரிகையில் காத்திருந்து படித்தவர்களுக்கு அது இனித்திருக்கும். ஒரே மூச்சில் படிக்கும்போது பரஞ்சோதி எங்கே போனான் என்று மனசு அவன் பின்னாலேயே ஓடுகிறது.

ஆனால் இந்தக் கதையில் எனக்கு ராஜா என்றால் மாமல்லரின் அப்பா, பல்லவ மன்னர் மகேந்திரவர்மர்தான். மத்தவிலாசப் பிரகசனம் என்ற நையாண்டி நாடகம் எழுதியவர், சித்திரகாரப்புலி என்று பட்டம் வைத்துக்கொண்டவர். செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் விசித்திரசித்தன் (அவருடைய இன்னொரு பட்டம்) எடுத்த கோயில் என்று மண்டகப்பட்டுக் குடைவரையில் கல்வெட்டு இருக்கிறது. சின்ன வயதில் அப்பா வாயால் நான் கேட்ட முதல் வரலாறே அந்த வரிதான். நாவலிலும் அவர் அப்படியேதான் வருகிறார். வஜ்ரபாஹு என்ற வேஷத்தில் அலைந்து, பரஞ்சோதி கொண்டுபோன ஓலையை அவனுக்கே தெரியாமல் மாற்றிவைத்து, சளுக்க மன்னன் புலிகேசியின் திட்டத்தைக் கலைக்கிறார். வஜ்ரபாஹு யார் என்று எனக்கு முன்னாலேயே அப்பா கண்டுபிடித்துவிட்டார்.

அதனால்தான் போன வாரம் படித்தது எனக்கு இன்னும் ஆறவில்லை. முற்றுகை பலிக்காமல் களைத்துப்போன புலிகேசி, சமாதானம் என்று காஞ்சிக்குள் விருந்தாளியாக வருகிறான். உபசாரம் நடக்கிறது. சிவகாமி அவன் முன்னால் ஆடுகிறாள். அவன் கிளம்பும் நேரத்தில் மகேந்திரர், தான் எப்படியெல்லாம் அவனை ஏமாற்றினேன் என்று அவனிடமே சொல்லிவிடுகிறார். வாயை மூடிக்கொண்டு வழியனுப்பியிருந்தால் போதும். சொல்லாமல் இருக்க அவரால் முடியவில்லை. நல்ல நாடகம் போட்டவனுக்குக் கைதட்டல் வேண்டியிருக்கிறது, அந்த நாடகத்தைப் பார்த்த ஒரே ரசிகன் புலிகேசி. எனக்கு அப்படித்தான் தோன்றியது. கோட்டையைவிட்டு வெளியே போன புலிகேசி ஆத்திரத்தில், வழியில் அகப்படும் சிற்பிகளின் கைகால்களை வெட்டச் சொல்லிக் கட்டளை போடுகிறான்.

அந்த வரியை வாசித்ததும் அப்பா கேட்டார்: 'கையை வெட்டுறான், சரி. காலை எதுக்கும்மா வெட்டச் சொல்றான்?'

கொடுமையைக் கூட்டுவதற்காக இருக்கும் என்றேன். அப்பா பாயிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்தார். இடது காலை மடக்கி, வலது பாதத்தை நீட்டி, எதிரே கல் இருப்பதுபோல் உள்ளங்காலை அழுத்திக்கொண்டார். இடது கையில் உளி பிடிப்பதுபோல் விரல் குவிந்தது, வலது கை சுத்தியலுக்கு உயர்ந்தது. 'சின்னக் கல்லுன்னா அடிக்கிற அடிக்கு நகரும். யாரு பிடிச்சுக்குறது? காலுதான். அவன் தெரிஞ்சுதான் சொல்லியிருக்கான்' என்றார். அவர் வலது கட்டைவிரல் ஓரத்தில் ஒரு பழைய தழும்பு உண்டு. உளி வழுக்கின தழும்பு. இத்தனை வருஷம் அதை நான் கவனித்துப் பார்த்ததே இல்லை.

அதற்குப் பிறகு என்னால் மகேந்திரரைப் பழைய கண்ணால் பார்க்க முடியவில்லை. மதிலைக் காப்பாற்றினார், படையைக் காப்பாற்றினார், நகரத்துக்குள் இருந்த ஜனங்களைக் காப்பாற்றினார். அகழிக்கு வெளியே, காட்டுக்குள் வீடு கட்டிக்கொண்டு உளி பிடித்த ஆயனரைப் போன்றவர்கள்? மலையைக் குடைந்து கோயில் ஆக்கும் கனவு ராஜாவுடையது. அந்தக் கனவுக்குக் கை கொடுத்தவர்கள் கையை நீட்டிக்கொண்டு எதிரி முன்னால் நின்றார்கள். ஆயனர் பாறையிலிருந்து விழுந்து கால் ஒடிந்து கிடக்கிறார். மகள் சளுக்கரிடம் சிறைப்பட்டுப் போகிறாள். எந்த நேரமும் அஜந்தா வர்ண ரகசியம், அஜந்தா வர்ண ரகசியம் என்று தவித்த அந்த மனுஷனைப் பார்த்து முதல் பாகத்தில் எரிச்சல்கூடப் பட்டிருக்கிறேன். இப்போது அதை நினைத்தாலே சங்கடமாக இருக்கிறது.

ஆயனரும் சிவகாமியும் கல்கியின் கற்பனை என்று தெரியும். போர் கற்பனை இல்லை. 634-இல் ரவிகீர்த்தி எழுதிய ஐஹொளெக் கல்வெட்டு, புலிகேசி பல்லவ மன்னனைக் காஞ்சி மதிலுக்குப் பின்னால் ஒளிய வைத்ததாகப் பெருமை பேசுகிறது. பல்லவர்களின் காசக்குடிச் செப்பேடு, மகேந்திரவர்மன் புள்ளலூரில் பகைவர்களை வென்றான் என்கிறது. இரண்டு பக்கமும் ராஜாக்கள் ஜெயிக்கிறார்கள். அந்த எழுத்துகளை வெட்டியவர்களுக்கு அந்தப் போரில் என்ன ஆனது என்ற பேச்சு இரண்டிலும் இல்லை. கல்கி அந்த இடத்தில்தான் ஒரு கிழச் சிற்பியைக் கொண்டுவந்து வைக்கிறார். எனக்கு இந்த நாவல் பெரிதாகத் தெரிவது இதனால்தான். காதலும் ஒற்றர் வேலையும் எனக்கு அதற்கு அப்புறம்தான்.

642 வாக்கில் மாமல்லன் நரசிம்மவர்மன் சளுக்கர் தலைநகரான வாதாபியைப் பிடித்தான் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறேன். அதனால் போரின் முடிவு தெரியும். சிவகாமியின் முடிவு தெரியாது. நான்காம் பாகத்துக்குப் பெயர் 'சிதைந்த கனவு' என்று பொருளடக்கத்தில் இருக்கிறது, அதைப் பார்க்கும்போதெல்லாம் பக்கத்தை வேகமாகப் புரட்டிவிடுகிறேன்.

நேற்று விளக்கை அணைக்கும்போது அப்பா சொன்னார்: 'அந்தப் பெரியவர் திரும்ப உளியைத் தொட்டாரா இல்லையா, அதை மட்டும் முன்னாடியே பார்த்துச் சொல்லிடேன்.' பார்க்கலாம் என்று புத்தகத்தைக் கையில் எடுத்தேன். எனக்குத் துணிவு வரவில்லை. அடையாளத்துக்கு வைத்திருந்த பஸ் டிக்கெட்டை இருந்த பக்கத்திலேயே செருகி மூடி வைத்துவிட்டேன்.